இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். வரிகள் நேராகப் போகாது. எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று இன்றும் குழப்பம். என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும் அழகாக வரும். இந்த வெட்கக்கேடு தொடங்கியதே அந்தக் கையெழுத்தில்தான்.

மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குவது என் வேலை. தினமும் காலையில் பயிற்சிக்காக மணல் மூட்டையோடு ஆபீஸ் மாடிப்படியை ஐந்து முறை ஏறி இறங்கிவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஏறமாட்டேன். எனக்கு மூச்சு வாங்குவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சம். டீக்கடையில் இரண்டு வடை தின்றுவிட்டு வந்து கையெழுத்துப் போடுவேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

"நோட்டுல மட்டும் நல்லா ஏர்ற மாமா," என்பான் எங்கள் டிரைவர். "வயித்தப் பாத்தா எட்டு மாசம் மாதிரி கீது." நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு நாள் அபிராமபுரத்தில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், மூன்றாம் மாடி. ஒரு பெரியவருக்குப் பக்கவாதம். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அந்த அம்மாளுக்கும் எழுபது வயதிருக்கும். "கிளம்பலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு நானும் டிரைவரும் தூக்கினோம். நோயாளி வீட்டில் 'எடுக்கலாமா' என்று நாங்கள் கேட்பதில்லை. அது பிணத்துக்குச் சொல்லும் சொல்.

படி இறங்கும்போது கீழே நிற்பவனுக்குத்தான் பாரம் அதிகம். உயரமானவன் கீழே நிற்பது வழக்கம். நான் உயரம். இரண்டாம் மாடி திருப்பத்துக்கு வருவதற்குள் பிடி நழுவப் பார்த்தது, கண் இருட்டியது. "வை, வை" என்று சொல்லி அவரைத் தரையில் வைத்துவிட்டேன்.

"இன்னா மாமா பண்ற? டைம் போய்க்கினே கீது!" டிரைவர் கத்தினான்.

"ஏன் வச்சுட்டேள்?" என்றபடி அந்த அம்மாள் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "ஐயோ, உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்றதே. செத்த உக்காருங்கோ."

தன் புருஷன் தரையில் கிடக்கும்போது என்னை உட்காரச் சொன்னார். சுவரைப் பிடித்து நின்றேன். மூச்சு திரும்பியதும் அவசரத்தில் வாய் தவறிவிட்டது. "எடுத்துடலாம்," என்றேன்.

"அவருக்கு உயிர் இருக்கு," என்றார் மெதுவாக. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பக்கத்து இரண்டு பிடிகளில் ஒன்றை அவரே பிடித்துக்கொண்டார். அப்படித்தான் இறங்கினோம். கட்டடத்தில் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

பெரியவர் பிழைத்தார். இடது கை மட்டும் வரவில்லை. நான் நின்ற அந்த நிமிடங்களால்தான் அது போனதா என்று எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மூட்டையோடு ஏறினேன். முதல் நாள் ஒரு முறைக்கு மேல் முடியவில்லை. நோட்டில் 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவர் அதைப் படித்துவிட்டு மூட்டையை உள்ளே தூக்கி வைத்தான். ஐந்தைத் தொட இரண்டு மாதம் ஆனது.

போன வாரம் பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விட எங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஏறும்போதும் நான்தான் கீழே. இரண்டாம் மாடி திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"உங்களுக்குத்தான்," என்றார் அந்த அம்மாள், மேல்படியிலிருந்து. கேலி இல்லை, நிஜமான அக்கறை.

நான் உட்காரவில்லை. நிற்காமலே மேலே போய்ப் பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம். பிறகு நான் மட்டும் இறங்கி வந்து, நாற்காலியையும் சொம்பையும் எடுத்துப்போய் அவர் வீட்டு வாசலில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.

ஐப்பசி 12, புதன்கிழமை.