கோயில் கிணற்றுக்கு மூன்று பதில்கள்

முதல் தடவை நான் அந்தக் கிராமத்துக்குப் போனபோது கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார்கள். மூன்றாம் தடவை நின்றுகொண்டேதான் பேசினேன். மூன்று தடவையும் ஒரே கிணற்றைப் பற்றித்தான் பேசினேன். மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிற கத்தோலிக்க மீனவர் ஊர் அது. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. சுற்றியுள்ள கிணறுகள் கோடையில் உவர்த்துப் போனாலும் அதில் மட்டும் நல்ல தண்ணீர் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் கட்டுக் கட்டி, மோட்டர் பூட்டிக் கொடுத்திருந்தார்கள். சண்டை முடிந்த பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. கிணற்றைச் சுற்றி வீடுகள் நெருங்கின. வீட்டுக்கொரு மலசலகூடக் குழியும் வந்தது. தரையோ முழுக்க மணல்.

நான் தீவின் மறுபக்கத்து முஸ்லிம் ஊரைச் சேர்ந்தவள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, படித்து, வாப்பாவும் உம்மாவும் திரும்பி வந்து குடியேறிய பிறகு நானும் வந்தேன். மன்னார் நகரத்தில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. எனக்கு மேலே பொறுப்பாக ஒரு சேர் இருந்தார். ஓய்வுபெறும் வயது நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். எங்களிடம் நன்கொடையாக வந்த ஒரு இயந்திரம் இருந்தது. தண்ணீரில் மருந்தைக் கலந்தால் நிறம் வரும். அந்த நிறம் எவ்வளவு ஆழம் என்று ஒளியைச் செலுத்தி அது சொல்லும். அதை வைத்துத் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவோம். வயலில் போடும் உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நிலத்தடி நீரில் கலக்கிற பொருள் அது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் காற்றைச் சுமக்கும் சக்தியை இழக்கத் தொடங்கும்.

கோயில் கிணற்றுத் தண்ணீரை நானே போய் எடுத்துவந்து அன்றைக்கே பார்த்தேன். அளவு வரம்பைத் தாண்டி நின்றது. திரும்பவும் செய்தேன். அப்படியே வந்தது.

சேரும் நானும் போய்ச் சொன்னோம். கோயில் விறாந்தையில் ஊர்க்காரர் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு இளம் தாய், மடியில் பிறந்து சில மாதமான பெண் குழந்தை. கருவாடு போடும் வாடியில் வேலை செய்கிறவள். தாய்ப்பால் போதாமல் பால்மாவும் கொடுப்பதாகச் சொன்னாள்.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறன் மிஸ்," என்றாள்.

"கொதிக்க வைச்சாலும் இது போகாது தங்கச்சி. கிருமிதான் சாகும். இது தண்ணிக்குள்ளயே நிண்டிடும். பிள்ளைக்குப் பவுசர் தண்ணியக் குடுங்கோ."

பிரதேச சபையின் தண்ணீர் லொறியான பவுசர் பிரதான வீதிவரைக்கும்தான் வரும். அங்கிருந்து மணலில் தண்ணீர்க் கான் சுமந்து நடக்க வேண்டும். அவள் தலையாட்டினாள். அடுத்த நாளிலிருந்து வீதியில் கானோடு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

ஊர் அதை இலகுவில் ஏற்கவில்லை. தங்கள் நல்ல கிணற்றை யாரோ வந்து பழுது என்கிறார்களே என்று கோயில் குழுவுக்கு மனக்குறை. கொழும்பில் பெரிய ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நிரப்பி, மூடியை இறுக்கி, ஒட்டி, கொழும்பு பஸ்ஸில் பார்சலாக ஏற்றிவிட்டோம்.

பதில் வந்தது. வரம்புக்குள், நன்றாகவே கீழே. குடிக்க உகந்தது.

அந்தத் தாளைச் சேர் என் மேசையில் வைத்தபோது என் காது சுட்டது. "சேர், நான் ரெண்டு தரம் பாத்தனான்," என்றேன்.

"கொழும்பு சொன்னதுக்கு மேல நாங்கள் கதைக்கேலுமே பிள்ளை? எங்கட மெசினில ஏதோ பிழை போல. போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

நான் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை. நான் அளந்தது சரி என்று எதை வைத்துச் சொல்வது? அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு தண்ணீரை யாராவது தந்து, அதை நான் அளந்து, 'உன் கை சரி' என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அதைக் காட்டியிருக்கலாம். அப்படி ஒன்று எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது போனேன். பாதர் ஒலிவாங்கியை என்னிடம் தந்தார். "எங்கட பரிசோதனையில பிழை நடந்திட்டுது. கிணத்துத் தண்ணி நல்லம். எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "எங்கட கிணத்தோட மிஸ்ஸிட மெசினுக்கு என்ன கோவமோ தெரியாது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அந்தத் தாய் என்னிடம் வந்து, "அப்ப நான் இனி ரோட்டுக்குப் போகத் தேவையில்லையோ மிஸ்?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

"தேவையில்லை தங்கச்சி."

வீட்டுக்கு வந்து உம்மா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை, ஒரு ஊருக்கு முன்னால் பொய்யாகிப் போனேன் என்பதுதான் அன்றைக்கு என் வெட்கம். அந்த வெட்கத்தில் ஒரு சுயநலம் இருந்தது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பல மாதம் கழித்து, வெளிமாவட்ட ஆய்வுகூடக்காரருக்கென்று கொழும்பில் ஒரு பயிற்சி வைத்தார்கள். இயந்திரங்களைப் பற்றிச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். பயிற்றுவித்த பெண்மணி முதல் நாள் முழுக்க இயந்திரத்தைத் தொடவேயில்லை. போத்தலைப் பற்றியே பேசினார். எடுத்த தண்ணீர் மேசைக்கு வரும்வரை அதற்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். சில பொருள்கள் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில காற்றோடு போகும். நைத்திரேற்று இருக்கும் தண்ணீரில் கழிவும் கிருமியும் கலந்திருந்து, போத்தல் வெக்கையில் நாள்கணக்கில் கிடந்தால், கிருமிகள் நைத்திரேற்றைத் தின்றுவிடும். அளக்கும்போது குறைவாகத்தான் வரும். ஐஸில் வைத்து, கொஞ்சம் அமிலம் விட்டு அனுப்ப வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் கை ஓடவில்லை. கோயில் கிணற்றுப் போத்தல் பஸ்ஸின் அடிப்பெட்டியில் இஞ்சினுக்குப் பக்கத்தில் போனது என் கண்ணுக்குள் வந்தது.

இடைவேளையில் அந்தக் கொழும்பு ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகத் தேடிப் பார்த்துச் சொன்னார்கள். போத்தல் வந்தது வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை. அதற்குப் பிறகுதான் திறந்திருக்கிறார்கள். அவர்களுடைய அளவில் பிழை இல்லை. அவர்கள் கைக்குப் போன தண்ணீர்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீராக இருக்கவில்லை. அப்படி அனுப்பியது நாங்கள்.

மன்னாருக்கு வந்ததும் அதே கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். ஒரு போத்தலை உடனே அளந்தேன். ஒன்றை அமிலம் விட்டு ஐஸில் வைத்தேன். ஒன்றை ஒன்றும் செய்யாமல், வெளியே தகரக் கூரைக்குக் கீழே, கொழும்புப் போத்தல் கிடந்த அத்தனை நாளும் வைத்தேன். முதல் இரண்டும் ஒன்றாகவே வந்தன, வரம்புக்கு மேலே. மூன்றாவது சரிந்து கிடந்தது, கொழும்புப் பதிலைப் போலவே.

சேருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாங்கள் முதல் சொன்னதுதான் சரி," என்றேன்.

"ஓம். சரிதான். ஆனா இனி எந்த முகத்தோட போறது பிள்ளை? ஒருக்காக் கூடாதெண்டம், ஒருக்கா நல்லமெண்டம்."

"அந்தப் பிள்ளை இப்பவும் அதைத்தான் குடிக்குது சேர்."

அவர் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டினார். பிறகு, "நானும் வாறன்," என்றார்.

போனோம். அது கச்சான் காற்று அடிக்கும் காலம், கோயில் முற்றத்தில் மணல் பறந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்லி முடிக்க முதலே முணுமுணுப்பு எழும்பியது. "நாளைக்குத் திரும்ப வந்து நல்லமெண்டால் என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார். பாதர் கையை உயர்த்தி, "ஏன் மாத்திச் சொல்லுறியள் எண்டதை விளங்கப்படுத்துங்கோ," என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "மீனை ஐஸ் போடாமக் கொழும்புக்கு அனுப்பினா எப்பிடியோ, நாங்கள் தண்ணிய அப்பிடி அனுப்பிப்போட்டம்," என்றேன்.

"ஐஸ் போடாம மீன் அனுப்புறவனை நாங்கள் என்னெண்டு சொல்லுறனாங்கள் தெரியுமோ?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். இந்தத் தடவை சிரிப்பு வேறுமாதிரி இருந்தது. சேர் தலை குனிந்து நின்றார். அவர் தலைமயிரில் மணல் படிந்திருந்தது. ஆனாலும் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அந்தத் தாய் எழும்பினாள். குழந்தை வளர்ந்து இடுப்பில் இருந்தது.

"மிஸ், நீங்கள் கூடாதெண்டு சொன்னநேரம் நான் ரோட்டில நிண்டு தண்ணி சுமந்தன். நல்லமெண்டு சொன்னநேரம் பிள்ளைக்குப் பால் கரைச்சன். எனக்கென்ன தெரியும், நீங்கள் சொன்னதைத்தானே செய்தனான்?" அவள் குரல் உயரவில்லை. "இவ்வளவு மாதமும் நான் குடுத்தது என்ன தண்ணி மிஸ்?"

அந்தக் கேள்விக்கான பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கொண்டுபோன சின்னப் பெட்டியைத் திறந்து, கிணற்றடியிலேயே பரிசோதனை செய்து காட்டினேன். பயிற்சியில் தந்த, நைத்திரேற்று அளவு தெரிந்த கரைசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் நிறத்தையும் பார்க்கச் சொன்னேன். சிலர் வந்து பார்த்தார்கள். சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோயில் குழு கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கிணற்றுக் கட்டில் எழுதி வைத்தது. பெரியவர்கள் இன்னும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுகூடத்தில் பல காரியங்கள் மாறின. எங்கே போனாலும் ஐஸ் பெட்டி கூடவே போகும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்முன் அளவு தெரிந்த கரைசலை அளந்து பார்ப்போம். சேர் மேலிடத்துக்கு அலைந்து, பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கு ஒரே தண்ணீரை மூடி முத்திரையிட்டு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடொன்றில் எங்களையும் சேர்த்தார். அந்தக் குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். அளந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவு வந்த நாள் சேர் வடை வாங்கிவந்தார். எங்கள் எண் உண்மையான எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

நானும் வடை தின்றேன். என் கை முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு தரம் பார்த்து, இரண்டு தரமும் ஒரே எண்ணைக் கண்டவள், கொழும்பிலிருந்து ஒரு தாள் வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் என் எண்ணைக் கீழே போட்டுவிட்டேன். போத்தல் எப்படிப் போனது, எப்போது திறந்தார்கள் என்று ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கத் தோன்றவே இல்லை. பெரிய இடத்தில் இருப்பவர்கள் எங்களைவிடச் சரியாகத்தான் அளப்பார்கள் என்ற நினைப்பு எனக்குள் எப்போதிருந்தோ ஊறிக் கிடந்திருக்கிறது. கருவி தந்தார்கள், மருந்து தந்தார்கள். அந்த நினைப்பை எடுத்துவிட ஒருவரும் வரவில்லை. அதை நானும் பார்க்கவில்லை. பிறகு வந்த வெட்கம் இதுதான். ஊருக்கு முன்னால் நின்ற வெட்கத்தைவிட இது பெரிது. இதை வைத்து ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

போன மாதம் மன்னார் ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தாயைக் கண்டேன். பிள்ளை தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தது. ஒதுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம் மிஸ். டொக்டர் வடிவாப் பாத்துச் சொன்னவர். நீங்கள் அதை யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேன். அது தாயின் சட்டைக்குள் முகத்தை மறைத்தது.

"இப்ப வீட்டில என்ன தண்ணி தங்கச்சி? வயித்தில இன்னொண்டும் இருக்குப் போல."

"ஓம் மிஸ், ஏழு மாசம். பவுசர் தண்ணிதான் எடுக்கிறன்."

"பவுசர் ஒழுங்கா வருதோ?"

"வரும். சில கிழமையில வராது."

"வராட்டி?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று வீதியைப் பார்த்தாள். "வராட்டி என்ன மிஸ் செய்யிறது," என்றாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமன்னார் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.