நாலு மூலை மஞ்சள்

காலை ஆறு இருபது. ஜன்னலைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை அட்டை. நுவரெலியாப் பனிமூட்டத்தில், கேட்டுக்கு அப்பால், நெஞ்சு உயரத்தில் அது தனியாக மிதந்துகொண்டிருந்தது. பனி கொஞ்சம் விலகிய பிறகுதான் அதைப் பிடித்திருந்த கையும், தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளியும் தெரிந்தன.

அந்த வருடங்களில் கொழும்பின் கத்தோலிக்க அதிமேற்றிராணியார், சனங்கள் 'ஆண்டவர்' என்று அழைக்கும் பேராயர், ஏப்ரல் மாதத்தை அங்கே ஒரு பங்களாவில் கழிப்பார். கடிதங்கள் கொழும்பிலிருந்து பின்னாலேயே வரும். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பத்திரிகை வேலையை விட்டு வந்திருந்த நான் தமிழ்க் கடிதங்களை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு, கோவிலுக்கு ஒரு மணி. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வந்தால் கல்யாணச் செய்தி. அதற்கு அவர் கையெழுத்திட்ட ஆசீர் அட்டை ஒன்று போகும்.

"அஞ்சரைக்கே வந்துட்டாரு. தேத்தண்ணி குடுத்தா வேணாங்கிறாரு, கார்டுல கறை பட்டுருமாம். தொரைமாருகூட இவ்வளவு பவுசு பண்றதில்ல" என்றார் சமையல்காரர்.

வந்தவர் றொசல்லயில் தோட்டத் தொழிலாளி. மகளுக்குக் கல்யாணம்.

"மாப்பிள்ளை எங்க அக்கா மகன்தாங்க. கொழும்பு ஹார்பர்ல வேலை, கல்யாணமும் அங்கதான். ரத்த உறவு, ஆண்டவரு உத்தரவு இல்லாம ஓலை வாசிக்க மாட்டேன்னு அங்க உள்ள சாமி சொல்லிட்டாரு. எழுதிக் கேட்டேன். இந்தக் கார்டு வந்துச்சு. கொண்டுபோய்க் காட்டினா, இது வாழ்த்துப்பா, உத்தரவு இல்லேங்கிறாரு."

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் மணமக்களின் பெயரை அறிவிப்பது. அன்று சனிக்கிழமை.

"நாளைக்கு மொத ஓலை விழலேன்னா கல்யாணம் நின்னுருங்க. கல்யாணத்துக்கு மறுநாளே பையனைத் திருகோணமலைக்கு மாத்துறாங்க."

அவருடைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாலு பக்கம், நாலு மூலையிலும் மஞ்சள். முதல் பக்கத்தில் நலம் விசாரிப்பு, கல்யாண நாள். நான் அதோடு நிறுத்தியிருந்தேன். பத்திரிகையில் விஷயம் முதல் பத்தியில் இருக்கும், கீழேயிருந்து வெட்டலாம். உத்தரவு கேட்ட வரி நாலாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

"இதை மொதல்லயே எழுதியிருக்கலாமே?"

"எடுத்த எடுப்புல கேக்குறது மரியாதைங்களா, ஐயா?"

பூசை முடிந்து வந்த அதிமேற்றிராணியாரிடம் நான் செய்ததைச் சொன்னேன். "முழுவதும் வாசியுங்கள், முதல் வரியிலிருந்து" என்றார். வாசித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். ஆண்டவருடைய சுகம், றொசல்லயில் பெய்த மழை, தோட்டத்துக் கோவிலில் புதிதாக அடித்த வெள்ளை, மாடு ஈன்ற கன்று. அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்த ஜன்னல் வழியாகப் பனி மேசைவரை வந்து கலைந்துகொண்டிருந்தது. அந்த அறையில் மணிக்கூடு இருந்ததாகவே நினைவில்லை. நாலாம் பக்கம் முடிந்ததும் உறவுமுறை பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு மூன்று வரி சொன்னார். தட்டச்சு செய்தேன். கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்.

அந்த மனிதர் உத்தரவை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நான் அட்டைக்காகக் கையை நீட்டினேன்.

"இது வீட்டுல மாட்டுறதுக்குங்க" என்றார். கொடுக்கவில்லை.

கொழும்பு ரயிலைப் பிடிக்க அதிமேற்றிராணியாரின் கார் அந்த மனிதரை நானுஓயா ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனது. முதல் வளைவிலேயே பனி காரை மூடிவிட்டது.

மறுநாள் கொழும்பில் இரண்டாம் பூசையில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது.