கிணற்றடி மூங்கிலும் ஞானத்துரையும்

வெடியுப்பு லோடு இறக்க வந்த லாரி டிரைவர்தான் சொன்னார். "மொதலாளி, நம்ம ஞானத்துரை சார் போயிட்டாகளாம். விருதுநகர் ஆஸ்பத்திரியில, விடியக்காலம்." லோடை எங்கே இறக்குவது என்று அவருக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. எங்கள் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாலை வாங்கப் போனால் பூக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

அவரிடம் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் படித்து, இப்போது இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவர் ஞானத்துரை சார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த எனக்கு அவன் ஞானத்துரை. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாயிரம்பண்ணையில் நான் சின்னதாகப் பட்டாசு கம்பெனி ஆரம்பித்த புதிது. ராக்கெட் குச்சிக்கான மூங்கில் மலைப்பக்கத்திலிருந்து ரயிலில் வரும், அதுவும் சீசன் முடியப் போகும் நேரத்தில் வரும். என் புலம்பலைக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, சாக்கில் சுற்றிய மூங்கில் கிழங்குகளோடு பஸ்ஸைவிட்டு இறங்கினான். "ஏலே, பொம்பளைக கை கால் கழுவுற தண்ணி பூராவும் வீணால்ல போகுது? கிணத்தடியில நட்டு வைப்போம்," என்றான். வெள்ளை வேட்டியோடு அவனே குழி தோண்டினான்.

சில வருடங்களில் மூங்கில் அடர்ந்தது. வேலைக்கு வந்த பெண்கள் அதன் நிழலில்தான் சாப்பிட்டார்கள். பிறகு ஏனோ இளைத்தது. புதுக் குருத்து குறைந்தது, வந்ததும் விரல் தடிமனில் நின்றது. ஞானத்துரை குத்துக்காலிட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தான். தூரைச் சுற்றித் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அது எங்கள் வழக்கத்தால் வந்த வினை. பட்டாசு வளாகத்தில் காய்ந்த சருகு ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. சீனியம்மாள் விடியுமுன்பே வந்து பெருக்கி, ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் எரித்துவிடுவாள்.

"இலை உதிருமுன்ன மூங்கில் கொஞ்சம் சத்தைத் தண்டுக்கும் கிழங்குக்கும் திருப்பி எடுத்துக்கிடும். மிச்சம் சருகோட மண்ணுல விழும். அது மக்குனதும் வேர் உறிஞ்சி, கிழங்குல சேத்து வைக்கும். குருத்துக்கு ஏதுலே இலை? அந்தச் சேமிப்பைத் தின்னுதான் அம்புட்டு வேகமா வளருது. நீ என்னடான்னா பந்தியில உக்கார வச்சிட்டுச் சோத்துப் பானையைத் தூக்கிட்டுப் போறே," என்றான்.

"சருகு கெடந்தா கம்பெனி இருக்காதுலே," என்றேன் எரிச்சலோடு. சீனியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "சார், எங்கக்கா மகளை வேற கம்பெனித் தீயில பறிகொடுத்திருக்கேன். சருகைக் கண்டா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நீங்க என்ன சொன்னாலும் நான் பெருக்கத்தான் செய்வேன்."

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வந்தான். அவள் பெருக்கிய சருகைச் சாக்கில் கட்டி, மதிலுக்கு வெளியே குழியில் போட்டு, கண்மாய்க் கரம்பை மண்ணால் மூடித் தண்ணீர் விட்டான். மக்கிக் கறுத்ததும் கூடையில் அள்ளி வந்து தூரில் கொட்டினான். வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் சிரித்தார்கள். அடுத்த மழைக்கு மணிக்கட்டுப் பருமனில் குருத்துகள் கிளம்பின. முற்றிய கழியை மட்டும்தான் வெட்டவிடுவான். எங்கள் மூங்கில் எங்கள் ராக்கெட்டுக்குக் குச்சியான அந்தத் தீபாவளிக்கு அவனுக்கிருந்த சந்தோஷத்தில் பாதிகூட எனக்கில்லை.

அப்புறம் மழை பொய்த்தது. கிணற்றில் குடிக்க மட்டுமே தண்ணீர். குழிக்கு விட வழியில்லை; அடிக்கிற காற்றில் ஓடைக்கு அப்பால் எரிக்கவும் பயம். மூங்கில் இலையில் மணல் சத்து அதிகம், லேசில் மக்காது என்று அவனே சொல்லியிருக்கிறான். மதிலோரம் குழி நிறையக் காய்ந்த சருகு சேர்ந்தது. ஆடிக் காற்றில் அது பறந்து வந்து, வெடி காயப்போடும் களத்தில் விழுந்தது. சீனியம்மாள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மூங்கிலையே தோண்டி எடுத்துருவோம்லே," என்றான்.

வேண்டாம் என்றது நான்தான். அதற்குள் அந்தப் பச்சை எனக்குப் பழகிப்போயிருந்தது. மழை வரட்டும், பார்க்கலாம் என்றேன். "மழை வர்ற வரைக்கும் அந்தப் பிள்ளை பயந்துக்கிட்டே பெருக்கணுமா?" என்று கேட்டான். ஆள் வைத்துத் தோண்டினோம். பின்னிக்கிடந்த கிழங்குகள் கடப்பாரைக்கு மசியவில்லை. எல்லாம் முடிந்ததும் அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, நாங்கள் அத்தனை பேரும் பார்க்க, விசும்பி விசும்பி அழுதான்.

"முழுசாப் போகாது. உள்ள தங்குன துண்டுல சத்து இருக்கிற மட்டும் முளைக்கும்," என்று சொன்னான். மழை பெய்தபோதெல்லாம் முளைத்தது. ஒவ்வொரு தடவையும் அவனே வந்து பிடுங்கினான், வேறு யாரையும் தொடவிடவில்லை. பிடுங்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுவான். மூச்சிரைப்பு வந்த பிறகும் வந்தான்.

அடக்கம் முடிந்து கம்பெனிக்குத் திரும்பினேன். இந்த ஐப்பசி மழைக்குக் கிணற்றடியில் ஒரு குருத்து. பக்கத்தில் சீனியம்மாள் நின்றிருந்தாள். "மொதலாளி, இதை மட்டும் விட்டுருவமா? ஒரு சருகு விடாம நான் பொறுக்கிருதேன்," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் அவன் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டான்; அவள் மறுபடி பயந்து பயந்து பெருக்கக் கூடாது என்பதற்காக. குனிந்து பிடுங்கினேன். இழுக்க இழுக்க இடுப்பு வலித்தது. ஞானத்துரை எனக்கென்று விட்டுப்போனது இந்த வேலைதான். அடுத்த மழைக்கும் முளைக்கும், நான்தான் பிடுங்க வேண்டும்.