தோளில் மடித்த சாக்கு

இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைவீதியில் எங்கள் தேகப்பயிற்சிக் கொட்டகையில் கர்லாக்கட்டை போய், கையால் இழுக்கிற ஸ்பிரிங் வந்து, அதுவும் சலித்து, கம்பியில் கோத்த இரும்புக் குண்டு வந்திருந்த காலம். தேயிலை விலை விழுந்து, எங்கே பார்த்தாலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம், ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர் உள்ளே வந்தார். ஒல்லி மனிதர், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். சுமை இல்லாதபோதும் வலத் தோளில் மடித்த சாக்கு ஒன்று கிடக்கும்.

"தோள் விட்டுப்போச்சு தம்பி. நாளைக்கும் பெட்டியத் தவறவிட்டா வேற ஆளப் போட்டுருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இங்க வந்தா பலம் வருமாமே?"

"வரும்ண்ணே. தூக்கிப் பாருங்க" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பியைச் சாக்கின் மேல் ஏற்றி, பெட்டி சுமக்கிற மாதிரியே நின்றார்.

"எங்க கொண்டுபோய் வைக்கணும்?"

"எங்கயும் இல்லண்ணே. இங்கயே இறக்கி, திரும்பத் தூக்கணும்."

"எதுவரைக்கும்?"

"கை ஓயிறவரைக்கும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மெதுவாக இறக்கி வைத்தார்.

"அது ஓஞ்சுதான தம்பி இங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்டேஷனில் பார்த்தேன். பெட்டி ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். சாக்கு இடத் தோளுக்கு மாறியிருந்தது. அந்தத் தோள் எத்தனை நாள் தாங்கியதோ.