அக்கா இல்லாத வகுப்பறை

மல்வேர்ன் என்ற பகுதியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு இரண்டு அறைகள் இருந்தன. அக்கா ஓர் அறைக்கும் நான் மற்ற அறைக்கும் போகவேண்டும் என்று முதல் நாள் காலையில் சொன்னார்கள். நாங்கள் கைகோத்தபடி நின்றோம். ஓர் ஆசிரியை குனிந்து, சிரித்த முகத்தோடு, எங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அக்கா என்கிறேனே தவிர, எங்களுக்குள் சில நிமிட வித்தியாசம்தான். இரட்டைப் பிள்ளைகளில் முந்திப் பிறந்தவள் அவள். அந்த உரிமையில் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். பாலர் வகுப்பில் எனக்குத் தண்ணீர் விடாய்த்தால் ஆசிரியையிடம் கேட்பது அவள். என் ஜாக்கெட் சிப் சிக்கிக்கொண்டால் ஆளைக் கூப்பிடுவதும் அவள்தான். நான் அவள் காதில் சொல்வதோடு சரி. வகுப்பில் வாயே திறந்ததில்லை. அதனால்தான் எங்களைப் பிரித்தார்கள்.

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "ஒண்டாப் பிறந்த பிள்ளையளை என்னத்துக்குப் பிரிக்கினம்?" என்று அப்பாவோடு சண்டைபிடித்தார்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, "அப்ப சின்னவள் எப்பதான் கதைக்கிறது? ரீச்சர்மார் யோசிச்சுத்தான் செய்திருப்பினம்" என்றார்.

அப்பா சொன்னபடியே நடந்தது. பனி கொட்டத் தொடங்குமுன்பே நான் பேசத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என் சிவப்புக் கிரேயனை எடுத்தபோது, "அது என்னுடையது" என்று ஆங்கிலத்தில் கத்தியதுதான் தொடக்கம். பிறகு தினமும் வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் வகுப்புக் கதை சொன்னேன். அம்மாகூட ஆறுதலடைந்தார். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. வகுப்பில் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அவளுடைய ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. யாருக்காகவாவது பேசித்தான் அவளுக்குப் பழக்கம். தனக்காகப் பேச அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் நான் வகுப்பின் முன்னால் நின்று புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அக்கா வந்தாள். யாரையும் கேட்காமல் என் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் ஆசிரியை அவளை வெளியே அனுப்பவில்லை; என்னைத் தொடர்ந்து வாசிக்கச் சொன்னார். அத்தனை பேருக்கு முன்னால் என் குரலை அக்கா கேட்டது அதுவே முதல்தடவை. நான் வாசித்து முடித்ததும் அவள் எழுந்து என்னிடம் வந்து, "உனக்கு எல்லாம் சொல்ல வருது" என்றாள் மெல்ல. பிறகு தானாகவே தன் வகுப்புக்குத் திரும்பிப் போனாள். அதன்பின் அவள் என்னைத் தேடி வரவேயில்லை.

நாளடைவில் அவளும் தேறினாள். தனக்கென்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டாள். எங்களைப் பிரித்தது பிழையென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் காதில் சொன்னால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள் என்ற அந்த நிம்மதி பிறகு எனக்கு யாரிடமும் கிடைக்கவில்லை.

அக்கா வேலை கிடைத்துத் தூரத்துக் கல்கரி நகருக்குப் போய்ப் பல வருடமாகிறது. மல்வேர்னுக்குப் பக்கத்தில் ரூஜில் இருக்கும் எனக்கும் இரட்டைப் பெண்கள். வருகிற செப்டெம்பரில் முதலாம் வகுப்பு. ஒன்றாக விடுவதா, பிரிப்பதா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். கணவர் பிரிக்கலாம் என்கிறார். நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளையளிட்டக் கேட்டனியே?" என்றாள் அவள்.

"இல்லை."

"எங்களிட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை. நீ கேள்."

போனை வைக்காமலே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சேம் கிளாஸ்" என்றாள் ஒருத்தி. "பட், வேற மேசை" என்றாள் மற்றவள். உடனே இருவருக்கும் சண்டை மூண்டது. அடக்கப் போன என்னை அக்கா தடுத்தாள்.

"விடு, கதைக்கட்டும். போனை அதுகளிட்டக் குடு."

கொடுத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பெரியம்மாவிடம் முறையிட்டார்கள். மறுமுனையில் அக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.