வாரிசற்ற பட்டமும் டாக்சிக்கார ஹெஸ்டரும்

இடுப்பால் ஓர் இடி இடித்துத்தான் டாக்சியின் டிக்கியைச் சாத்துவாள் ஹெஸ்டர். கையால் சாத்தினால் அது மதிக்காது. வயது அறுபத்தேழு. காலில் ரப்பர் பூட்ஸ், சட்டைப்பையில் நாய் பிஸ்கட். ஞாபகப் பிசகாக அதைத் தானே கடித்துவிட்டு, "ஒண்ணும் மோசமில்ல, உப்புதான் கம்மி" என்பாள்.

ரயிலடியிலிருந்து ஹார்ல்கோம்ப் மாளிகைக்குச் சவாரி அடிப்பதுதான் பிழைப்பு. மாளிகை இப்போது ஹோட்டல். தான் பிறந்த வீடே அதுதான் என்று வருகிறவர்களிடம் மூச்சுவிட மாட்டாள். அப்பா ஏழாவது ஹார்ல்கோம்ப் பிரபு. பட்டம் ஆண்வாரிசுக்கு மட்டுமே இறங்கும். இருந்த ஒரே பிள்ளை பெண்ணாகப் போனதால், அவர் கண்ணை மூடிய அன்று பட்டமும் அவரோடு குழிக்குள் போயிற்று.

"பிரபுவே, வழக்கமானதுதானா?" என்று மதுக்கடை வில்ஃப் தினமும் சீண்டுவான்.

"பிரபு செத்து எத்தனையோ வருஷமாச்சு. நீ சைடரை ஊத்துடா."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் விருந்தாளிகள் முன்னால் அப்பா அவள் தலையைத் தடவி, "இது பையனா இருந்திருக்கணும்" என்று பெருமூச்சு விட்டது இன்றைக்கும் அவளுக்கு வலிக்கும்.

போன மாதம் கனடாவிலிருந்து டெரன்ஸ் என்றொரு பல் வைத்தியர் வந்து இறங்கினார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஹார்ல்கோம்ப் வீட்டை விட்டு ஓடிப்போன இளைய மகனாம். ரத்த உறவு நிரூபணமானால் செத்த பட்டம் எழுந்து உட்கார்ந்து அவருக்கு வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மிச்சமிருக்கும் ஒரே ஹார்ல்கோம்ப் ஹெஸ்டர்தான். டி.என்.ஏ. சோதனைக்குக் கொஞ்சம் எச்சில் போதும் என்று பஞ்சுக்குச்சியும் கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்திருந்தார்.

தன் வீட்டுச் சமையலறையில் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். அந்த வீட்டின் ஒரே ஆண்பிள்ளையான பெர்கின், தாடிவைத்த கிழட்டு டெரியர் நாய், மேசைக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எச்சில்தானே, தாராளமா எடுத்துக்கோ தம்பி. நம்ம வீட்டுப் பேர் பொழைச்சா எனக்கும் சந்தோஷம்தான்."

மனதாரத்தான் சொன்னாள். சொந்தம் என்று ஒருவர் வந்து அவள் கையால் டீ குடித்து ரொம்பக் காலமாகியிருந்தது.

"பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டுக்கா. ரெண்டும் பொண்ணு. அதுங்களால என்ன பிரயோஜனம் சொல்லுங்க? இன்னொண்ணு பெத்துக்கலாம்னா என் பொண்டாட்டி பிடி கொடுக்க மாட்டேங்கிறா. பட்டம் வரட்டும், தானா இறங்கி வருவா. அடுத்தது பையன்தான்."

"பொண்ணுங்களுக்கு இது தெரியுமா?"

"அதுங்க கிட்ட எதுக்குக்கா இதெல்லாம்?"

அவருடைய செல்போன் அடித்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லை என்று தோட்டத்துக்குப் போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். பிறகு பஞ்சுக்குச்சியை உறையிலிருந்து உருவி, மேசைக்கடியில் குனிந்து, பெர்கினின் வாயைத் திறந்து, இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் நிதானமாகத் தேய்த்து, குழாய்க்குள் போட்டு மூடியை இறுக்கினாள்.