தகரக் கூரையும் மாட்டுக் கொட்டகையும்

வெயில் தாழ்ந்ததும், மகன் புதிதாகப் போட்ட தகரக் கூரை சூடு தணிந்து டக் டக்கென்று சொடுக்கியது. சிறுவயதில் பிரிக்ஃபீல்ட்ஸில், பெரியப்பா வீட்டில் கேட்ட அதே சத்தம்.

அங்கே எல்லா வீட்டுக்கும் அத்தாப்பு என்னும் மலாய்ப் பனையோலைக் கூரைதான். ஓலை வெயிலை உள்ளே விடாது. பெரியப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனதும் அதைப் பிய்த்தெறிந்தார்.

"ஓலை கூலிக்காரனுக்குடா. கிராணிக்குத் தகரம்!"

தகரம் தான் வாங்கிய சூட்டையெல்லாம் எங்கள் தலையில் இறக்கியது. அந்த மகானுபாவர் மட்டும் கோட்டைக் கழற்றாமல், இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போல் வெந்துகொண்டே, வருகிறவர்களிடம் "வீடு ஜோரா இருக்குல்ல?" என்பார்.

பிய்த்த ஓலையைப் பெரியம்மா மாட்டுக் கொட்டகைக்குப் போட்டார். ஒரு மத்தியானம் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே போய்ப் படுத்துவிட்டார்.

பெரியப்பா கத்தினார்: "கிராணி பொண்டாட்டி மாட்டுக்கிட்டயா படுக்குறது?"

"இந்த வீட்டுல புத்தியுள்ளது இது ஒண்ணுதான். அதுவும் புல்லு திங்குது," என்று பெரியம்மா திரும்பிப் படுத்தார்.

வியர்வையைத் துடைத்தபடி என் மகன் வந்து நின்றான். "எப்படிப்பா, கூரை ஜோரா இருக்கா?"

"இருக்கு. முதல்ல ஒரு மாடு வாங்கு," என்றேன்.